காரணத்துக்கு ஒரு கட்டம்

1986 மாசி. டென்மார்க்கின் ஓகூஸ் நகர அகதிகள் அலுவலகச் சன்னலில் பனியின் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கிறது. விவசாயப் படிப்பின் கடைசி வருடத்தில் இலங்கையைவிட்டு வந்த மரியரட்ணம் மேசைக்கு முன்னால் இருக்கிறான். டெனிஷ் அதிகாரி படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் புள்ளடி போடுகிறாள். மொழிபெயர்க்க வந்த செல்வமலர் தயங்கித் தயங்கி வாசிக்கிறாள்: "படிப்பைத் தானாகவே கைவிட்டவர்." "நான் கைவிடேல்லை அக்கா!" அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைத் தட்டச்சு நின்றுவிடுகிறது. "குளத்துத் தண்ணியும் வயலும் ஆருக்கெண்டுதானே அங்கை சண்டை. நாங்கள் நெல்லு விதைச்சு ஆராய்ச்சி செய்த வயலிலை ஆமி காம்ப் அடிச்சிருக்கு. நாங்கள் படிச்ச கம்பஸைப் பூட்டிப்போட்டாங்கள். சோதினை எழுத விடாமல் கலைச்சவங்களை விட்டிட்டு என்னிலை பழியைப் போடுகினமோ?" செல்வமலர் அவ்வளவையும் டெனிஷில் சொல்கிறாள். அதிகாரி பரிவோடு தலையசைக்கிறாள். படிப்பு நின்ற காரணத்துக்குப் படிவத்தில் இருப்பது இரண்டே கட்டங்களாம், மற்றது நோய். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டுகிறாள். அவன் அதை வாங்கி, தாள் கிழியும்படி அந்தப் புள்ளடியை வெட்டுகிறான். "சண்டைக்கு இவையின்ர பாசையிலை என்னெண்டு எழுதிறது?" செல்வமலர் எழுத்துக் கூட்டிச் சொல்கிறாள்: "K, R, I, G." இரண்டு கட்டங்களையும் மூடிக்கொண்டு, தாளின் முழு அகலத்துக்கும், மரியரட்ணம் அந்த நாலெழுத்தை எழுதுகிறான்.