திருப்பி வைத்த திரை

எண் ஏழைத் தாண்டியது. தினேஸ்வரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மேசையில் மயக்கத்தில் கிடந்தவர் பத்துமலை, பத்து காஜா என்ற ஊரில் லாரி ஓட்டுபவர். ஈரலில் கட்டி. அதை வெட்டி எடுப்பதற்காக, ஈரலுக்குப் போகும் ரத்தத்தை டாக்டர் மகேந்திரன் நாடா போட்டு இறுக்கி நிறுத்தியிருந்தார்.

ரத்தம் போகாத ஈரலில் லாக்டேட் என்ற அமிலம் சேரும். அளவு மீறினால் ஈரல் தாங்காது.

அதைத்தான் தினேஸ்வரியின் சென்சார் அளந்துகொண்டிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி, ஈரலிலேயே குத்தியிருந்தது. மூன்று வருடமாகப் புந்தோங் வீட்டுக்குத் தூங்க மட்டும் போய்வந்து அவள் உருவாக்கிய கருவி.

ஆனால் அந்த எண்ணை அவள் யாரிடமும் சொல்லக் கூடாது.

கருவியை நம்பலாமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. நம்ப முடியாத எண்ணைக் கேட்டு டாக்டர் தான் செய்வதை மாற்றினால் நோயாளிக்கும் ஆபத்து, ஆய்வும் கெடும். இந்த விதியை எழுதியவளே அவள்தான். திரை மகேந்திரனுக்குத் தெரியாதபடி தன் பக்கம் திருப்பி வைத்ததும் அவள்தான். வேறு யாரை நொந்துகொள்வது?

காலையில் பத்துமலையின் மனைவி புஷ்பலதாவிடமும் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். இது இன்றைக்கு உங்கள் வீட்டுக்காரருக்கு உதவாது, பின்னால் வருகிறவர்களுக்குத்தான் என்று. புஷ்பலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல அக்கா. நீங்க உள்ள இருக்கீங்க, அது போதும்லா."

எட்டு. எட்டரை.

பத்துமலையின் கையிலிருந்து எடுத்த ரத்தம், அதே அமிலத்தை அளக்க, சோதனைக்குப் போயிருந்தது. முடிவு இன்னும் வரவில்லை.

வாயைத் திறந்து, கருவி சொன்னது பொய்யாகப் போனால்? திறக்காமல் இருந்து, அது உண்மையாகப் போனால்? முகக்கவசத்துக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மகேந்திரன் ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

பிறகு, நாடாவை இறுக்கி வைக்கக்கூடிய நேரம் இன்னும் மிச்சம் இருக்கும்போதே, வெட்டுவதை நிறுத்தி நாடாவைத் தளர்த்தினார்.

எண் இறங்கியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரலும் தப்பித்தது, ஆய்வும் தப்பித்தது.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது மகேந்திரன் சர்வசாதாரணமாகச் சொன்னார்.

"ஸ்க்ரீன மட்டும் திருப்பி வெச்சீங்க. உங்க கண்ண யாரு திருப்புறது? மொத நோயாளிலேருந்து அதப் பாத்துதான்லா நான் நாடாவ அவுக்குறேன்."

தினேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் இதுவரை சேர்த்த கணக்கு முழுக்கக் குப்பை. ஆய்வுக்கு அனுமதி தந்த குழுவிடம் சொல்லியாக வேண்டும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். இனிமேல் அவளும் திரையைப் பார்க்கக் கூடாது. எண்கள் தாமே பதிவாகட்டும், எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கதவைத் தள்ளினாள். வெளியே புஷ்பலதா எழுந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், நாளைக்குத் தன் அப்பாவுக்கு இதே அறுவை சிகிச்சை என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

நாளைக்கு எண் ஏறும்போது அதைப் பார்க்க யாருமே இருக்க மாட்டார்கள்.