இடது தோள்

எங்கள் உப்புக் கிடங்கில், பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா மேடம் காலையில் ஊசி குத்திய பிறகுதான் கேட் திறக்கும். ஒவ்வொரு தோளிலும் ஏழு, முதுகில் ஐந்து. மறுநாள் வரைக்கும் மூட்டை கனக்காது. தோளிலிருந்து விரல் நுனிவரை மரத்தே கிடக்கும்.

நேற்றுச் சாயங்காலம் பாலர்பள்ளியிலிருந்து மகள் ஷைனியை இடது தோளில் போட்டுத் தூக்கி வந்தேன். கையில் வாங்கியதும் என் மனைவி பொன்செல்வி அலறினாள்.

"பிள்ளைக்கு அனலாக் கொதிக்கி! இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தியளே, தெரியலையா?"

தெரியவில்லை.

இன்றைக்கு மேடத்திடம் கேட்டேன். "இடது தோளை மட்டும் விட்டுருங்க மேடம். வலிச்சா வலிச்சுட்டுப் போவுது."

"ஒண்ணு குறைஞ்சாலும் கேட் திறக்காதுண்ணே. சட்டையைக் கழட்டுங்க."

கழற்றினேன். முகத்தில் ஊசி குத்துவதில்லை. இனி ஷைனியைத் தூக்கியதும் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.