இரண்டாவது புள்ளி

என் பொம்மையைப் படுக்க வைக்காமல் மேசையில் உட்கார வைத்தார் மேனேஜர். கைதியைக்கூட உட்கார வைத்துத்தானே விசாரிப்பார்கள்.

பக்கத்தில் மாதிரிப் பொம்மை. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியே இருப்பதை எனக்காக இன்று வெளியே எடுத்திருந்தார்கள்.

இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே கன்னம், ஒரே உதடு. மாதிரியின் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. என்னுடையதில் இரண்டு.

நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

இந்தத் தொழிற்சாலையில் பொம்மைகளுக்குக் கண் வரைவது என் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடிக் கண். என் பெயர் இங்கே யாருக்கும் ஞாபகம் இருக்காது. வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் நான் கண்ணக்கா.

இரண்டாவது புள்ளி என் மகள் கொடுத்தது. போன வாரம் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கோ அழுது முடித்திருந்த முகம். கண்ணில் ஜன்னல் வெளிச்சம் மேலே ஒன்று, டிவி வெளிச்சம் கீழே சின்னதாக ஒன்று.

இத்தனை வருஷம் கண்ணையே வரைந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் வேலைக்கு வந்ததும் பிரஷ்ஷின் பின்முனையால் கீழே கடுகளவு ஒரு புள்ளி வைத்தேன். அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்த பொம்மை ஏதோ சொல்ல வந்தது.

பக்கத்து மேசையில் உதடு வரைகிறவள் எட்டிப் பார்த்துவிட்டு, உனக்குக் கொழுப்புதான் என்றாள். அவள் சொன்னது சரி. ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம், கை கேட்கவில்லை. நாற்பது பொம்மைகளுக்கு வைத்துவிட்டேன்.

பிடித்துக் கொடுத்தவள் செக்கர். அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. அவள் வேலையை அவள் செய்தாள், அதில் எனக்குக் கோபம் இல்லை. இப்போது சுவரோரமாக நின்று, தரையில் எதையோ தொலைத்தவள் மாதிரி குனிந்துகொண்டிருந்தாள்.

மேனேஜர் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் தலைக்கு மேலே 'புதிதாக யோசியுங்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு போஸ்டர். போன மாதம் ஒரு நாள் முழுக்க எங்களை உட்கார வைத்து அதற்கு வகுப்பே எடுத்தார்கள். ஆளுக்கொரு யோசனையைக் கலர் காகிதத்தில் எழுதி ஒட்டச் சொன்னார்கள். பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று நான் எழுதி ஒட்டினேன். நல்ல யோசனை என்று எல்லோரையும் கைதட்ட வைத்தார்கள். தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.

அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். இனி மாதிரியில் உள்ளபடி மட்டுமே வரைவேன், மீறினால் என்னை வேலையிலிருந்து நீக்கலாம் என்று நானே சொல்வதாக டைப் செய்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. போடாவிட்டால் இன்றோடு வேலை கிடையாது.

வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் நான் ஒருத்திதான். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, பேனாவை எடுத்தேன். மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

அவர் அதோடு விட்டிருக்கலாம்.

"இந்த ஒரு புள்ளிய வைக்கிறதுக்கு டிசைன் ஆபீஸ்ல படிச்சவங்க ஆறு மாசம் உக்காந்து யோசிச்சிருக்காங்கம்மா. நீங்க பிரஷ் பிடிக்கிறவங்க. யோசிக்கிறது உங்க வேலை இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

வேலை போனால் போகட்டும் என்றெல்லாம் வீரமாக நினைக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து விழுந்தால், அந்த ஆறு மாசக் கதைக்கும் நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பேனாவை மூடிக் காகிதத்தின் மேலேயே வைத்தேன்.

"மாதிரியோட வலது கால் செருப்பக் கழட்டிப் பாருங்க சார்."

அவர் பூதக்கண்ணாடியைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். இத்தனை நாளில் அதை யாரும் கழற்றியதே இல்லை போலும். பசை பிடித்து இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தார்.

உள்ளங்காலில் அழியாத மையில் எழுதியிருந்ததை வாய்விட்டே படித்தார். கழிவு. பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி. மேசை எண் ஏழு.

ஏழாம் மேசையில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான்.

அவர் செருப்பை மேசையில் வைத்தார். மிச்சத்தை நானே சொன்னேன்.

அன்று வரைக்கும் எங்கள் பொம்மைகளின் கண்ணில் புள்ளியே கிடையாது. வெறும் கறுப்பு. நான் ஒன்று வைத்தேன். கழிவு என்று காலில் எழுதிக் குப்பைப் பெட்டியில் வீசிவிட்டு, என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். சரக்கு எடுக்க வந்த ஒருவர் அலமாரியில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, பெட்டியில் கிடந்த அதைத்தான் கையில் எடுத்து, இதே மாதிரிதான் வேண்டும் என்றிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அது செருப்புப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தது. இனி எல்லோரும் இதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார்கள்.

முதல் புள்ளிக்கு மூன்று நாள் சஸ்பெண்ட். இரண்டாவதற்கு எத்தனை நாள் என்று கேட்டேன்.