குகையரின் போர் முழக்கம்

"குழந்தையைத் தின்னப் போறீங்களா, கொஞ்சப் போறீங்களா கரடியண்ணே? கோரமா கத்துங்க!" கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் எரிந்து விழுந்தாள் ஒலிப்பதிவு இயக்குநர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்ற கரடி தலையாட்டினார். பூதம், பேய், புலி, வில்லனின் அடியாள் என்று முப்பது வருஷமாகத் தொண்டையைத் தேய்த்தே பிழைத்து, அந்தப் பட்டப்பெயரை வாங்கிய குரல் கலைஞர். சுவரெல்லாம் பஞ்சு அடைத்திருந்தும், அவர் உறுமினால் பக்கத்து அறையில் செய்தி வாசிப்பவர் எட்டிப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் இன்று ஐந்தாவது தடவையாகச் சொதப்பிக்கொண்டிருந்தார்.

பதிவாகிக்கொண்டிருந்தது, பேர்பெற்ற மாயக்கதை நாவல் ஒன்றின் ஒலிப்புத்தகம். குகையர் என்ற அரக்கக் கூட்டம் குட்டி இளவரசனைக் கூடையில் போட்டுத் தூக்கி வந்து, வெட்டுவதற்கு முன் சுற்றி நின்று போர் முழக்கம் செய்கிறது. 'ஊமி லா செரா, ஊமி லா! தாகே மினோ, ஊமி லா!' இந்த இரண்டே வரிதான், திரும்பத் திரும்ப.

இயக்குநருக்குப் பக்கத்து நாற்காலியில் நாவலாசிரியர் உட்கார்ந்திருந்தார். காட்சியில் அவருக்குக் கவனமில்லை. மடியில் கிடந்த பத்திரிகையை விரலால் குத்திக் குத்திக் காட்டினார்.

"பாரும்மா, ஆராய்ச்சி பண்றேன்னு ஒரு பொண்ணு என்ன எழுதியிருக்குன்னு!"

இயக்குநர் எட்டிப் படித்தாள். 'தட்டை மூக்கு, நெற்றிப்பட்டையில் தொங்கும் கூடை, யாருக்கும் புரியாத பேச்சு. குகையர் கற்பனை இனமே அல்ல. ஆசிரியரின் தந்தை மேலாளராக இருந்த தேயிலை மலையின் பழைய குடிகள்தான் அவர்கள். ஆள வந்தவர்களின் பயம் அவர்களுக்குக் கோரைப்பல் மாட்டிவிட்டிருக்கிறது.'

"ஆறு வயசுல அந்த மலையை விட்டு இறங்கினவன் நான். எந்த ஜனத்தை எனக்குத் தெரியும்?" அவர் பத்திரிகையை மடக்கினார். "உச்சந்தலையிலேர்ந்து கால் நகம் வரைக்கும் என் கற்பனைம்மா. அந்த பாஷைக்கு அர்த்தமே கிடையாது. தூக்கம் வராம புரள்றப்போ தானா காதுல வந்து விழும், எழுதி வச்சுக்குவேன்."

பொய் சொல்கிற முகமாக அது இல்லை. எழுபதை நெருங்கிய மனிதரை இப்படி வதைக்கிறார்களே என்று இயக்குநருக்குப் பாவமாக இருந்தது.

ஆனால் அவளுக்கு வேறு தலைவலி. வேறொரு குரல் கலைஞர் வெளியே காத்திருந்தார். இன்னொரு தடவை சொதப்பினால் கரடியை மாற்றிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கரடியோ இந்த வேஷத்துக்காக நாலு மாதம் நடையாய் நடந்தவர். 'இந்தக் காட்சி எடுக்கிற அன்னிக்கு மட்டும் எழுத்தாளர் வரணும்' என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. இந்த வயதில் இப்படியொரு ரசிகரா என்று அவள் அப்போது சிரித்திருந்தாள்.

"அண்ணே, இதுதான் கடைசி. கழுத்தை அறுக்கப் போறோம்னு நினைச்சுக்குங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. கரடி நெஞ்சு நிறைய மூச்சிழுத்து உறுமித்தான் ஆரம்பித்தார். முதல் வரியின் பாதியிலேயே உறுமல் கரைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். காகிதம் வைத்திருந்த பலகையை அவர் உள்ளங்கை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. தாளத்துக்குத் தட்டுகிறார் என்று இயக்குநர் நினைத்தாள். இரண்டாவது வரி முடிந்ததும் குரல் சுத்தமாக நின்றுபோனது.

"போதும்ணே. தப்பா நினைக்காதீங்க. நான் அடுத்தவரைக் கூப்பிடுறேன்."

கரடி கெஞ்சவில்லை. ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு நேராக நாவலாசிரியரின் முன்னால் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

நாவலாசிரியர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பத்திரிகையை மார்போடு அணைத்துக்கொண்டு, கரடியின் தட்டை மூக்கைப் பார்த்தபடி எழுந்தார். "நீங்களும் அந்த மலைதானா?"

"ஆமா சார். உங்க பங்களாவுக்குக் கீழே, தோட்டத்துக் குடியிருப்பு."

"இதைப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க. திட்டணும்னா திட்டிடுங்க."

"திட்ட வரலை சார். ஒண்ணு கேக்கணும். பங்களாவுல உங்களை வளர்த்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"அம்மாவுக்கு எப்பவும் உடம்பு சரியில்லை. ஒரு ஆயா இருந்தா. பேரு... பேரு தெரியலையே. கூடையில என்னை உக்கார வச்சு, நெத்தியில பட்டையை மாட்டிக்கிட்டு..."

பத்திரிகை கை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்கவும் இயக்குநருக்குத் தோன்றவில்லை.

கரடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷமாக உறுமிய அந்தக் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது.

"அது எங்கம்மா சார். அந்த 'ஊமி லா' தாலாட்டுல மூணாவது வரி என்ன? உங்களைத் தூங்க வச்சிட்டு வீட்டுக்கு வந்து எனக்குப் பாடுறப்போ, ரெண்டாவது வரியிலேயே அசந்து அவங்க தூங்கிடுவாங்க."