பாதிச் சுவர்

"என்னால ஏலாதப்பா! இறக்கச் சொல்லுங்கோ!"

சுவரின் பாதியில் தொங்கிக்கொண்டு இரத்தினம்மா கத்தினாள். வெள்ளவத்தையில் பெண்களுக்கு மலையேறப் பழக்கும் கூடம் அது. கீழே நின்று கயிற்றைப் பிடித்திருந்தவள் பயிற்சி கொடுக்கும் றுஷ்னா. பக்கத்தில் கதிரையில் இருந்தவர் புருஷன் கனகசபாபதி. கயிற்றையும் நம்பாத மனிதர். வந்ததும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

"இறக்காத, பிள்ளை. தொங்கட்டும்."

றுஷ்னா கேட்கவில்லை. மெல்லக் கயிற்றை விட்டாள். தரைக்கு வந்த இரத்தினம்மா முடிச்சை அவிழ்த்துவிட்டு, தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனாள்.

"ஒவ்வொரு சனியும் இதே கூத்து! பல்லி ஏறுற சுவர், இவளுக்கு மட்டும் என்ன? பஸ் ஓடுற காலி வீதியைக் கடக்கவே என்ர கை வேணும். பயந்தாங்கொள்ளி!"

"அங்கிள், பயப்படுற ஆளை ஏசி ஏத்த ஏலாது. மத்தவங்க ஆசைப்பட்டு வாறாங்க. அன்டிய நீங்க இழுத்துட்டு வாறீங்க. அடுத்த மாசம் ஹந்தானை மலைக்குப் போறோம். அன்டிய நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

கனகசபாபதி மனைவி தூரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கென்ன தெரியும்? களுபோவில ஆஸ்பத்திரியில நாள் குறிக்காத குறையாச் சொல்லிப்போட்டாங்கள். ஈரல் முழுக்கப் பரவியிட்டுதாம். டொக்டர்மாரை நான் நம்பிறேல்லை. ஆனா உடம்பு பொய் சொல்லாது. எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. நான் போனா இவள் கதவைத் திறந்து வெளியில வரவும் பயப்பிடுவாள். ஒருக்கா உச்சியைத் தொட்டாளெண்டாப் பயம் விட்டுப்போம். அதைப் பாத்தாப் போதும் எனக்கு. அவளுக்கு ஒண்டும் தெரியாது. சொல்லிப்போடாத."

 அவர் கதிரையைப் பிடித்து எழும்பி, திரீவீல் பிடிக்க வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் இரத்தினம்மா வந்தாள்.

"இன்னொருக்கா ஏறட்டோ பிள்ளை?"

முடிச்சைத் தானே போட்டாள். றுஷ்னா சரிபார்த்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். இரத்தினம்மா ஏறினாள். கத்தவில்லை. பாதியில் நிற்கவும் இல்லை. பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போய், கடைசிப் பிடியைத் தொட்டுவிட்டு இறங்கினாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

"அன்டி! நில்லுங்க, அங்கிளைக் கூப்பிடுறேன். அவர் இதப் பாக்கணும்!"

இரத்தினம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வேண்டாம் பிள்ளை. ஆஸ்பத்திரியில அவருக்குச் சொன்னதை எனக்கும் சொன்னவை. என்னை ஏத்திப்போடோணும் எண்ட வீம்பிலதான் அந்த மனுசன் இன்னும் படுக்கையை விட்டு எழும்புது. நான் உச்சியைத் தொட்டதைக் கண்டால், அண்டைக்கே நிம்மதியாக் கண்ணை மூடியிடும்."