ரங்கூன் மாப்பிள்ளை

"ரங்கூன்லேர்ந்து வந்த மாப்பிள்ளை. அங்கன ஒருத்தியக் கட்டிட்டு வந்திருந்தா நம்ம மக கதி? அங்கன உள்ள மாதா கோவிலுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க" என்றாள் மிக்கேலம்மாள்.

"பையன் மூஞ்சியே சொல்லுது, சொக்கத் தங்கம்னு! பேசாம இரிட்டி" என்று துண்டை உதறிக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பிவிட்டார் தொம்மை அண்ணாச்சி.

தென்காசிச் சந்தையில் கத்தரிக்காயையே காம்பு கிள்ளிப் பார்த்து வாங்குகிறவள், மூஞ்சியை நம்புவாளா? ரங்கூனில் தமிழருக்கென்று இருந்த பழைய மாதா கோவிலுக்கு அன்றே எழுதினாள். ஆம்பளை கேட்டால்தான் பதில் சுருக்காக வருமென்று, புருஷன் பேரிலேயே எழுதினாள். "ஜப்பான் சண்டைக்கு முன்னே நானும் உங்கள் கோவில் பங்குக்காரன்தான், சாமி" என்று, அவர் ரங்கூனில் இருந்த காலத்தை நினைவூட்டி ஒரு வரியும் சேர்த்தாள்.

பதில் மூன்றே வாரத்தில் வந்தது.

"அன்புள்ள தொம்மைக்கு, பையனுக்கு இங்கே கல்யாணம் ஆகவில்லை. நம்பிப் பெண் கொடுக்கலாம்."

மிக்கேலம்மாள் நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொண்டு மேலே படித்தாள்.

"நீர் உயிரோடிருப்பதை உம் மனைவி அன்னம்மாளிடம் சொன்னோம். குண்டுவீச்சில் நீர் செத்ததாக எண்ணி, இருபது வருஷமாக உம் ஆத்துமாவுக்குப் பூசை வைத்தவள், கோவிலிலேயே அழுதுவிட்டாள். அடுத்த கப்பலில் புறப்படுகிறாள். கல்யாணத்துக்குள் வந்துவிடுவாள்."