திட்டு விழுந்த கை

“இது என்ன கையா, காரை பெயர்ந்த சுவரா?”

தம்பி மனைவியின் வலது கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் கொதித்தாள் கலெக்டரம்மா. உத்தியோகத்தில் ஒன்றும் கலெக்டர் இல்லை. வீட்டில் அவள் போடும் உத்தரவுகளுக்குக் கிடைத்த பட்டம் அது.

நாளை அவள் மகளுக்குக் கல்யாணம். வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் உள்ளங்கை முழுக்க மருதாணி அப்பி, விரல்களுக்குத் தொப்பி வைத்து, ஒரே மாதிரி சிவந்த கைகளை நீட்டி ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்பது அவள் வெகுநாள் ஆசை.

மற்ற கைகளிலெல்லாம் ஜோராகப் பிடித்திருந்தது. இந்த ஒரு கையில் மட்டும் நடுவில் வெளிறல், ஓரத்தில் ஆரஞ்சு, விரலெல்லாம் திட்டுத்திட்டு.

மருதாணிக்காரிக்குப் போன் பறந்தது. அவளும் அலறியடித்துக்கொண்டு வந்தாள்.

“எங்களுக்கெல்லாம் நல்ல விழுது, இவளுக்கு மட்டும் வழிச்ச மிச்சமா? வாயில்லாப் பூச்சின்னு நினைச்சியா?”

“ஒரே கிண்ணம்தான் அக்கா. இவங்க இடது கையைப் பாருங்க, எப்படிச் சிவந்திருக்கு! வலது கை காயறதுக்குள்ள எதையோ இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. விழுது அங்கங்க வழிஞ்சு போச்சு.”

கோபம் சட்டென்று திசை மாறியது.

“அப்போ உன் வேலைதானா? நாங்க எல்லாம் பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி அசையாம உட்காரலை? உனக்கு மட்டும் என்ன கேடு?”

“இல்ல அண்ணி... ஒரு அவசரம்.”

“பொல்லாத அவசரம்! என் மக கல்யாணம்னா உனக்கு அவ்வளவு இளக்காரம். வயித்தெரிச்சல்னு வாய்விட்டுச் சொல்லேன். போட்டோவுல நீ நிக்கவே வேண்டாம், போ!”

தம்பி மனைவி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கண் கலங்கியது.

உள் அறையிலிருந்து வாக்கரைத் தள்ளிக்கொண்டு கலெக்டரம்மாவின் அம்மா வந்தாள். இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து யாராவது தூக்கிவிட்டால்தான் அவளால் கழிவறையில் எழுந்து நிற்க முடியும். அவள் முழங்கைக்கு மேலே ஐந்து விரல்களும் ஆரஞ்சு நிறத்தில் பதிந்திருந்தன.

“அவளை ஏண்டி கரிச்சுக்கொட்டறே? நேத்து பாத்ரூம்ல எழுந்திரிக்க முடியாம நான் தொண்டை வறளக் கத்தினேன். ‘கையில மருதாணிம்மா, கொஞ்சம் பொறு’ன்னு கூடத்துலேர்ந்தே குரல் கொடுத்தே. அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கலை. ஓடி வந்து தூக்கினது இவ ஒருத்திதான்.”

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கலெக்டரம்மா மெல்லக் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

இரண்டும் ஒரு புள்ளி குறையாமல், ஒரே சீராகச் சிவந்திருந்தன.